நொச்சியாற்றின் சாட்சி

ஆறுகள் தங்கள் பழைய பாதையைக் கேட்டு வழக்குப் போடும் காலம் அது. நொச்சியாற்றின் தரப்பில் சாட்சி சொல்ல, குவாரித் தொழிலாளி சொர்ணக்கிளி குவாரியில் வெட்டியெடுத்த, கல்லாகிப்போன சிப்பியோடு கூண்டில் நின்றாள்.

"அது கடல் சிப்பி. அங்கே ஆறே ஓடியதில்லை" என்றார் குவாரி முதலாளியின் வக்கீல்.

"இதுல ஒட்டியிருக்கது கோரைப்புல்லு. கடல்லயா கோரை மொளைக்கும்? செத்து உருண்டு வந்த சிப்பி வாயத் தொறந்துரும். இது மூடியிருக்கு. அங்கனயே வாழ்ந்திருக்குய்யா! ஆக்கித் தின்னவளுக்குத் தெரியாதா?"

ஆறு ஜெயித்தது. அதன் பாதையில் குவாரியும் இருந்தது, சொர்ணக்கிளியின் வீடும் இருந்தது.

மதகு திறந்த அன்று, முப்பது வருடமாகத் தண்ணீர் லாரியை நம்பிக் கிடந்த ஊரே மேட்டில் நின்றது. அவளும் பானை சட்டியோடு நின்றாள். முதல் தண்ணீர் அவள் வாசலைத் தொட்டது.

"உள்ள போ தாயி, ஒன் வீடுதான்!" என்று கத்திவிட்டுக் குலவையிட்டாள்.