காதால் பார்த்த ஆட்டம்

“ரெண்டு பாயின்ட்! நம்ம பொண்ணுங்கதான்!” என்று குதித்தார் கியூமர்ஸ்.

கேட் காவலர் யதுல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, கதவு பூட்டியிருக்கு. ஜன்னல்ல திரை போட்டிருக்கு. உள்ள போன பொம்பளைங்க போனையெல்லாம் நான்தான் வாங்கி வச்சிருக்கேன். ரெண்டு பாயின்ட்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“காது எதுக்கு இருக்கு? இஸ்பஹான்காரிங்க போட்டா ஒரு மூலையிலதான் கைதட்டல் கேக்கும். நம்ம கோர்கான் பொண்ணுங்க போட்டா கூரையே கிழியும்.”

அந்த நாட்டுச் சட்டப்படி, பெண்கள் கூடைப்பந்து நடக்கும்போது அரங்கத்துக்குள் ஓர் ஆண் ஈ கூட நுழைய முடியாது. யதுல்லா இந்தக் கேட்டுக்கு மாற்றலாகி வந்து இரண்டே நாள். கியூமர்ஸோ வருஷக்கணக்காக இதே நாரத்தை மரத்தடியில் நின்று ஆட்டம் கேட்கிறவர். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த குடையை விரிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கோட்டின் உள்பையை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சிகரெட்டா? எடுங்க, எனக்கும் ஒண்ணு குடுங்க.”

“சிகரெட் இல்லப்பா. பழைய காகிதம். நாலு வருஷமா பையிலயேதான் கிடக்கு. வெளிய எடுக்க நேரம் வரல.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பீறிட்டது. “கையத் தூக்கு, செபீதே! தூங்குறியா?”

“யப்பா! யாருங்க இது? என் மாமியாருக்கே இந்தத் தொண்டை கிடையாது!”

“அவங்கதான் கோச்சம்மா, மஹ்லகா. இன்னைக்கு ஜெயிச்சா டீம் வெளிநாட்டுப் போட்டிக்கு, அம்மானுக்குப் பறக்குது. தோத்தா பெட்டியைப் பரண்ல போட்டுட வேண்டியதுதான்.” கியூமர்ஸின் கண்கள் மின்னின. “ஆடுற காலத்துல அவங்கள நீ பாத்திருக்கணும். நானும் பாத்ததில்ல, கேட்டதுதான். ஒரே ஆட்டத்துல நாப்பத்தொரு பாயின்ட்! ஒரு தடவ பல்லு உடைஞ்சிருச்சு. துப்பிட்டு ஆடினாங்க. முழங்கால் போனப்புறம்தான் நின்னாங்க. நாலு வருஷம் முன்னாடி விசிலைக் கழுத்துல மாட்டினப்ப டீம்ல எட்டே பொண்ணுங்க, ஒரே பந்து.”

“இவ்வளவு பெரிய ஆளு! வெளிநாட்டுக்கெல்லாம் போய் ஆடியிருப்பாங்களே?”

கியூமர்ஸ் மழையைப் பார்த்தார். “ஒரு தடவகூட இல்ல. பதினெட்டு வருஷம் முன்னாடி டமாஸ்கஸ் போட்டிக்குப் பேரு வந்துச்சு. பெட்டிகூடக் கட்டியாச்சு. பாஸ்போர்ட்டுக்குப் புருஷன் சம்மதம் வேணும்ல, அவன் கையெழுத்துப் போடல.”

“ஏனாம்?”

“புதுசாக் கல்யாணம் ஆனவன். ஊரு சிரிக்கும்னு பயந்துட்டான்.”

“கழுதை!”

“கழுதையை ஏன்பா கேவலப்படுத்துற?”

“அந்த மடையன் மட்டும் என் கையில கிடைச்சான்...”

“நல்லா நாலு போடு. நான் தடுக்க மாட்டேன்.”

யதுல்லாவுக்கும் இப்போது சூடு பிடித்துவிட்டது. நாற்காலியை உதறிவிட்டு வந்து கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டார். தடதடவென்று காலடிகள், விசில், மறுபடி விசில். சட்டென்று உள்ளே சத்தமே இல்லை.

“என்னண்ணே, கரன்ட் போச்சா?”

“உஷ்! நம்ம பொண்ணு ஃப்ரீ த்ரோ போடப் போறா. அவளுக்காகத்தான் அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. என் கணக்குக்கு ஒரு பாயின்ட் குறையுது. கைவசம் ரெண்டு த்ரோ. நேரமும் முடியப்போகுதுன்னு நினைக்கிறேன்.”

கூரை அதிர்ந்தது. “சமம்! சமம்!” கியூமர்ஸ் யதுல்லாவின் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்தார். மறுபடி நிசப்தம். நாரத்தை இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது.

டங்!

“ஐயோ, வளையத்துல பட்டுருச்சு!” கியூமர்ஸ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “போச்சு. எல்லாம் போச்சு.”

அடுத்த நொடி ஆட்டம் முடிந்ததாக ஹார்ன் அலறியது. அதையும் அமுக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான பெண்களின் குலவைச் சத்தம் எழுந்தது.

“எகிறி வந்த பந்தை யாரோ திருப்பிப் போட்டுட்டாடா! ஜெயிச்சுட்டோம்!” யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பெரிய மனிதர்களும் மழையில் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார்கள்.

கதவு திறந்தது. பெண்கள் வெள்ளமாக வந்தார்கள். கடைசியில், கழுத்தில் விசிலோடு, மஹ்லகா வந்தாள்.

யதுல்லா ஓடிப்போய் முன்னால் நின்றார். “கோச்சம்மா! வாழ்த்துகள்! இவரு உங்க பரம ரசிகர். நனைஞ்சுக்கிட்டே முழு ஆட்டத்தையும் காதாலயே பாத்துட்டாரு. கையெழுத்துப் போடாத உங்க புருஷனை நாங்க ரெண்டு பேருமாச் சேந்து கழுதைன்னு திட்டித் தீத்துட்டோம்!”

மஹ்லகா கியூமர்ஸை முறைத்தாள். கத்திக் கத்திக் கம்மிப்போன குரலோடு கையை நீட்டினாள். “டீமை ஜெயிக்க வச்சாச்சு. இந்தத் தடவையாவது கையெழுத்துப் போடுவியா, கழுதை?”

யதுல்லாவின் வாய் திறந்தபடி நின்றது. கியூமர்ஸ் உள்பையில் நனையாமல் வைத்திருந்த அந்தப் பழைய காகிதத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

மனைவி வெளிநாடு செல்லச் சம்மதம் என்று பதிவாளர் முத்திரையோடு இருந்த அந்தக் கடிதத்தில், அவர் கையெழுத்துக்குக் கீழே, அவள் முதன்முதலாக விசிலைக் கழுத்தில் மாட்டிய நாளின் தேதி இருந்தது.