இரும்புக் கரண்டி

“உங்க குற்றவாளியை நான் நம்பலை.”

சாம்சுந்தர் கதைத் தாள்களை மேசையில் போட்டார். பகலில் கணக்கு வாத்தியார், மற்ற நேரத்தில் மாத நாவல் எழுதுகிறவர். எந்தப் புத்தகத்தையும் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பார். கொலைகாரன் எந்தப் பக்கத்தில் சறுக்கினான் என்று ஓரத்தில் எழுதாமல் ஒரு நாவலையும் மூடி வைத்ததில்லை. இலக்கியமென்று கொண்டாடப்பட்ட தடித்த புத்தகங்களும் அந்தப் பென்சிலுக்குத் தப்பியதில்லை.

எதிரே முனியராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். சோப்புக்குப் போகாத அலுமினியப் பொடி விரலிடுக்கில் சாம்பல் பூத்திருந்தது.

“எந்த இடம் சார்?”

“மருந்து கலக்குற ரூமுக்குள்ள ஃபோர்மேன் இரும்புக் கரண்டி கொண்டு போறான். உரசித் தீப்பிடிக்குது. மூணு பொம்பளைக சாகுறாக. ஏன்யா, காலமெல்லாம் அந்த ரூம்லயே கெடந்தவன்னு முதல் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீக. இடுப்புச் சாவியைக்கூட வாசல்ல கழட்டி வச்சுட்டுப் போறவன். அவன் இரும்பைத் தொடுவானா?”

“தொட மாட்டான் சார்.”

“பெறகு ஏன் தொட வச்சீக?”

முனியராஜ் விரலிடுக்குப் பொடியைத் தேய்த்தான்.

“நடந்ததை வச்சு எழுதுனதா?”

“மூணு பேரு செத்தது நடந்தது சார்.”

எங்கே, எப்போது என்று சாம்சுந்தர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வெடிக்காத வருசம் ஏது. அவருக்கு வேண்டியது கதை மட்டும்.

“இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எழுதுங்க.”

“வேற முடியாது சார். இது தேறுனாத்தான் எம் மக மாரிசெல்வி நர்சிங் படிப்பா. பேசி முடிச்சுட்டாக.”

சாம்சுந்தர் சிரித்தார். “கதையை வச்சு மகளைப் படிக்க வைக்கப் போறீகளா? நான் இம்புட்டு நாவல் எழுதி ஒரு சைக்கிள்தான் வாங்குனேன். அதையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். யாரு, பத்திரிகைக்காரங்களா?”

“உள்ளூர் ஆளுகதான். கேக்குறவுக நம்பணும்னு மட்டும் சொல்லிட்டாக. ஓட்டை எங்கன இருக்குன்னு பாக்குறதுல உங்களை விட்டா ஆளு கெடையாது சார்.”

அந்தப் பேச்சு சாம்சுந்தருக்குப் பிடித்தது. பென்சிலை எடுத்தார்.

“கேளுங்க. அவனைக் குடிகாரனாக்கிறாதீக. அது சோம்பேறி எழுத்தாளன் செய்யுற வேலை. தீபாவளி ஆர்டர். லோடு ஏத்த லாரி வாசல்ல நிக்குது. அவன் சரியாத் தூங்கி எம்புட்டோ நாளாச்சு. மருந்து பாத்திரத்துல கட்டி பிடிச்சிருச்சு. பித்தளைக் கரண்டி அடுத்த ரூம்ல கெடக்கு. காவக்காரன் சோறாக்க வச்சிருந்த கரண்டி கையில அகப்படுது. ஒரு தடவைதானேன்னு நினைக்கிறான். அம்புட்டுதான்.”

“அவன் மட்டும் எப்படிச் சாகலைன்னு கேப்பாகளே சார்?”

“நல்ல கேள்வி. கரண்டியைப் பொம்பளைக கையில குடுத்துட்டு லாரிக்காரனைப் பாக்க வெளிய வந்துட்டான்.”

முனியராஜ் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். தூக்கமில்லை. காவக்காரன் கரண்டி. லாரி. சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல இருந்தது.

“இதையே ‘நான்’னு சொல்லலாமா சார்?”

“தாராளமா. அப்படிச் சொன்னாத்தான் இன்னும் நம்புவாக. ஆனா அழ வச்சுறாதீக. அழுதா நடிப்பாப் போயிரும்.”

“அழுகை வராது சார். ஓட்டை ஒண்ணும் இல்லைல்ல?”

“போலீஸு தலைகீழா நின்னாலும் கெடையாது.”

முனியராஜ் எழுந்து கும்பிட்டான். நெடுநாள் தீராத கணக்கை முடித்த நிறைவில் சாம்சுந்தர் தாள்களை அடுக்கி நீட்டினார்.

“இந்தாங்க. திருத்தி என்னைக்குக் குடுக்கணும்?”

“தாள் வேண்டாம் சார். நாளைக்குக் கோர்ட்டுல வாயாலதான் சொல்லணும். முதலாளி மருமகன் பேரு கேஸுல வரக் கூடாதாம்.”

சாம்சுந்தரின் நீட்டிய கை அப்படியே நின்றது. வாசலில் செருப்பை மாட்டிய முனியராஜ் திரும்பினான்.

“முதல்ல சொன்னீக பாருங்க, அவன் இரும்பைத் தொட மாட்டான்னு. அதான் சார் நெசம். அன்னைக்கு நான் ஆனைக்குட்டத்துல அக்கா மக காதுகுத்துல இருந்தேன்.”