ஒரு ஓட்டை உள்ளே

மாலை வெயிலில் பந்தயத் திடலின் புழுதி பொன்னாய் மிதக்கிறது. ரிமோட்டில் ஓடும் குட்டிக் கார் மேசைமேல் மல்லாந்து கிடக்க, மனைவி அதன் பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனையைக் கழற்றி, வரிசையாக உள்ள ஓட்டைகளில் ஒரே ஒரு ஓட்டை உள்ளே தள்ளிச் சாய்வாக மாட்டுகிறாள். காலையிலிருந்து மூன்று ஓட்டங்களிலும் திடலின் நடுவிலுள்ள பெரிய மேட்டைத் தாண்டி விழுந்ததும் பந்துபோல எகிறிக் குப்புறக் கவிழ்ந்த வண்டி அது. இது கடைசி ஓட்டம். "ஒரு ஓட்டை தள்ளினா என்னம்மா ஆயிடப் போகுது? கெட்டியான ஸ்பிரிங்கா போடு," என்கிறார், பேருந்துக்கு அடியில் படுத்தே இருபது வருடம் கழித்த மெக்கானிக் கணவர். "கெட்டியா இருக்கறதாலதாங்க தூக்கியடிக்குது. ஷாக்கு சாஞ்சு நின்னா முதல்ல இளகிக் குடுக்கும், அப்புறந்தான் இறுகும். சும்மா பாருங்க," என்று ரிமோட்டை எடுக்கிறாள். கொடி இறங்குகிறது. வண்டி சீறிப் போய் மேட்டில் ஏறி, நான்கு சக்கரங்களும் தொங்க அந்தரத்தில் ஒரு கணம் நிற்கிறது. பிறகு தரை. வயிறு மண்ணை உரசும் அளவுக்குத் தாழ்கிறது, எகிறவே இல்லை. யாரோ உள்ளங்கையில் வாங்கி இறக்கிவைத்த மாதிரி நிதானமாக நிமிர்ந்து ஓடுகிறது. வண்டி அடுத்த வளைவில் மறைந்த பிறகுதான் தெரிகிறது: அது தரையில் தாழ்ந்தபோது அதனோடு சேர்ந்து கணவருடைய முழங்கால்களும் மடங்கியிருக்கின்றன, இன்னும் நிமிரவில்லை.