நல்லாத்தான் இருக்கார்

"உங்க வீட்டுக்காரரால மென்னு சாப்பிட முடியுதாம்மா?" தசைநோய் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் போன் ஸ்பீக்கரில் கேட்டாள்.

"நல்லா முடியுது."

"தலை வாரக் கை தூக்குறாரா?"

"அதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்றாள், கணவனின் தொங்கிய தலையைத் தோளில் தாங்கி, கூழாக அரைத்த சாப்பாட்டை ஊட்டியபடியே. மோசம் என்று சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவார்கள், வாரம் தவறாமல் அவள் போடும் ஊசியும் நின்றுவிடும் என்று பயம்.

"சந்தோஷம்மா. ஆராய்ச்சி முடிஞ்சு, யாருக்கு எந்த ஊசி கொடுத்தோம்னு இன்னிக்குத்தான் பிரிச்சுப் பார்த்தோம். மருந்தை நிறுத்தினா நோய் திரும்புதான்னு பார்க்க, முதல்ல மருந்து எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு அப்புறம் ஊசியில வெறும் உப்புத்தண்ணி. அவருக்கும் அதுதான். மோசமாகுதுன்னு சொன்னவங்களை மறுநாளே நிஜ மருந்துக்கு மாத்திட்டோம். உங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. கொடுத்து வச்சவங்கம்மா நீங்க."