துரைசாணி சைக்கிள்

"ஏறி ஓட்டிக் காட்டுங்க காக்கா, பாப்பம்." முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் வழக்கப்படி கேட்டான் யோகராசா.

களுவாஞ்சிக்குடிச் சந்தையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற முனாப் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஓட்டத் தெரியா தம்பி."

யோகராசாவுக்குச் சுரீரென்றது. காத்தான்குடியிலிருந்து இவ்வளவு தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனிதர்; ஓட்டத் தெரியாதாம்!

யோகராசா வெற்றிலை வியாபாரி. தலைச்சுமையோடு பெரியகல்லாறு வரை நடந்து நடந்து கால் ஓய்ந்துபோயிருந்தது. எப்படியாவது ஒரு சைக்கிள் வாங்கிவிட வேண்டும். ஆனால் போன வருஷம் களவு மாடு என்று தெரியாமல் ஒன்றை வாங்கி, மாட்டையும் பறிகொடுத்து, பொலிசில் கைகட்டி நின்றவன் அவன்.

சைக்கிளைச் சுற்றி வந்தான். சங்கிலியில் எண்ணெய் மினுங்கியது. ஆனால் நடுவில் குறுக்குத் தண்டு இல்லை. இந்த மாதிரி ஒன்றை மட்டக்களப்பில் ஒரு மிஷன் துரைசாணி கவுன் பறக்க ஓட்டிப் போனபோதுதான் பார்த்திருக்கிறான்.

"இது வெள்ளைக்காரத் துரைசாணிமார் ஓடுற சைக்கிளெல்லோ? உங்கட கைக்கு எப்பிடி வந்த?"

"காசு குடுத்து வாங்கின."

"ஓடத் தெரியாதவர் என்னத்துக்கு வாங்கின?"

முனாப் குனிந்து சீட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"சரி, உங்கட ஊரில விக்காம இஞ்ச ஏன் கொண்டந்த?"

"அங்க விக்க ஏலா தம்பி. கண்டா சனம் விடாது."

அவ்வளவுதான். யோகராசா ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தான். "வாங்க, ஊர்த் தலைவர் விதானையாரிட்டப் போவம். மிச்சத்தை அங்க சொல்லுங்க."

கூட்டம் கூடிவிட்டது. புடவை விற்க வந்திருந்த காத்தான்குடி ஸஹீதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சைக்கிளைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"அல்லாவே! எங்கட சைக்கிளை எங்க கொண்டு போறீங்க?"

"பாத்தீங்களா!" என்று கூவினான் யோகராசா. "ஆள் கள்ளன்தான்!"

"ஆரைக் கள்ளன் எண்ட? இது எங்கட ஊர் மருத்துவிச்சி உம்மு குல்தூமுட சைக்கிள். இவர் அவட புருசன். பிள்ளைப்பேறு எண்டு ஆள் போனா, மழையெண்டும் பாராம இதிலதான் பறந்து வருவா. நானும் என்ட பிள்ளையும் உசிரோட இருக்கிற அந்த மனுசியாலதான்."

யோகராசாவின் கை தானாக நழுவியது. முக்காடு போட்ட ஒரு பெண், மணல் ரோட்டில், சைக்கிளில்! நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

"பொஞ்சாதிட கதையைச் சந்தையில சொல்லப்படா எண்டு பாத்தன்," என்றார் முனாப். "எங்கட கரைக்கு இப்ப வேற மருத்துவிச்சிமார் வந்திட்டாங்க. வாவிக்கு அங்கால, படுவான்கரைக்கு ஒருத்தருமில்ல. போன மாரிக்கு ரெண்டு தாய்மார் செத்துப்போனாங்க. சைக்கிள் தண்ணியில ஓடாதே. இதை வித்துத் தோணி எடுப்பம் எண்டு அவதான் சொன்ன."

யோகராசா பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தான். ஆனாலும் ஒன்று மட்டும் அவனுக்கு ஆறவில்லை.

"மழை இருட்டிலயும் தனியாவா காக்கா போவா?"

முனாப் முதன்முறையாகச் சிரித்தார்.

"தனியாவா? அவ மிதிப்பா தம்பி. பின்னால குந்தியிருந்து லாம்பு பிடிக்கிறது நான்தானே!"