ஏரிக்குள் நாற்பத்துமூன்று புள்ளிகள்

காவல்துறையில் குற்றப் புள்ளிவிவரம் அலசுவது என் வேலை. சைக்கிள் திருட்டுப் புகார்களை வரைபடத்தில் ஏற்றினால், நாற்பத்துமூன்று புள்ளிகளும் ஏரியின் நடுவில் போய் விழுந்தன. முகவரிகளைத் திருத்தி, ஒவ்வொன்றையும் அதனதன் தெருவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் மறுபடி ஏரியில் இருக்கும்.

"என்னய்யா, மீனெல்லாம் சைக்கிள் ஓட்டுதா?" என்றார் அதிகாரி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

எனக்குத் தெரிந்த வேறு வேலை தூங்குவதுதான். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. எனவே வெள்ளிக்கிழமை காலை வெட்கத்தை விட்டு, தீயணைப்பு நிலையத்து நீச்சல்காரர்களை ஏரிக்கு அழைத்துப் போனேன்.

முதல் சைக்கிள் மேலே வந்ததும் கரையில் விசில் பறந்தது. புகார் கொடுத்திருந்த தபால்கார அக்கா தன் சைக்கிளைச் சேற்றோடு கட்டிக்கொண்டு அழுதார். அதிகாரி என் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீ மனுஷனே இல்லடா!" பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

எண்ணிப் பார்த்தோம். நாற்பத்துநான்கு இருந்தன.

கூடுதலாக வந்தது துருவேறிப் பாசி படர்ந்திருந்தது. சீட்டுக்கு அடியில் என் மகள் ஒட்டிய வாத்துப் படம். என் பையிலிருந்த என் சைக்கிள் சாவியை அதன் பூட்டில் போட்டேன், திறந்துகொண்டது.

எல்லோரும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் நான் ஓட்டி வந்த சைக்கிள், அதே வாத்தோடு, மரத்தடியில் பளபளவென்று நின்றது.