அழித்த கடிதம்

பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிதம் நடுங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் புஷ்கலாவை நாலு பக்கம் திட்டிப் பங்கஜவல்லி எழுதியது. அனுப்பப் பயந்து அன்றே அழித்துவிட்டாள்.

“அதான் அழிச்சாச்சே, இன்னும் எப்படி இருக்கேன்?” என்றது கடிதம்.

“உன் பேரைத்தான் எடுத்தா. நீ என் வயித்துக்குள்ளதான் இருக்கே. உள்ளே முழுசாத் துடைச்சாத்தான் போவே,” என்றது கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடப் போவதால், பங்கஜவல்லி போட்டோக்களைப் பென்டிரைவில் ஏற்றினாள். ஈரத்துணியால் திரையைத் துடைத்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டைக்கூடச் சுரண்டி எடுத்தாள்.

“அடுத்து உள்ளேதானே?” என்றது கடிதம்.

அவள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கிப்போக வந்தது புஷ்கலாதான். பெட்டியை அன்போடு தடவிப் பார்த்தாள்.

“அண்ணி, உங்க கல்யாணப் போட்டோ அழிஞ்சுபோச்சுன்னு அழுதீங்களே. அழிஞ்சதையெல்லாம் மீட்கிற ஆள் எங்க ஆபீஸ்ல இருக்கார். முதல்ல அவர்கிட்ட கொடுத்துத் தேடச் சொல்றேன்.”